கரண்ட் பில்லும் சோலாரும்: மீட்டரில் தொடங்கி மொட்டை மாடி வரை, தர்மபுரி கிருஷ்ணகிரி வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் வீடு காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஐந்து பேர், ஒரு போர்வெல், நாலு ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ், ஒரு கெய்சர், அவ்வளவுதான், ஏசி கூடக் கிடையாது. அப்படியிருந்தும் ஒரு கோடையில் இரண்டு மாதத்துக்கு 780 யூனிட் என்று பில் வந்தது. உடனே எல்லோரும் சொன்னது ஒன்றே: "சோலார் போட்டுடுங்க." நானும் அந்த எண்ணத்தில்தான் கொட்டேஷன் வாங்க ஆரம்பித்தேன். ஆனால் உட்கார்ந்து கணக்குப் போட்டபோது தெரிந்தது, நான் தொடங்கவேண்டிய இடம் மொட்டை மாடி இல்லை, வாசலில் இருக்கும் மீட்டர் பெட்டி. வீட்டில் வீணாகிற யூனிட்டை முதலில் நிறுத்திவிட்டு மிச்சத்துக்கு மட்டும் பேனல் போட்டால் 3 கிலோவாட்டுக்குப் பதில் 2 போதும், சில வீடுகளுக்கு 1 போதும், இன்னும் சில வீடுகளுக்கு இப்போதைக்குத் தேவையே இல்லை. அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் படி: பில் எப்படிக் கணக்காகிறது என்று பாருங்கள்

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங். முதல் 100 யூனிட் இலவசம், இது 2016லிருந்து இருக்கிறது. 2024 ஜூலையில் வந்த விகிதப்படி, இரண்டு மாத மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகை போய்விடும்: 101 முதல் 400 வரை முழுக்க 4.70, அடுத்த நூறுக்கு 6.30, 501 முதல் 600 வரை 8.40, 601 முதல் 800 வரை 9.45, 1000 வரை 10.50, அதற்கு மேல் 11.55.

இதை ஒருமுறை தாளில் போட்டுப் பாருங்கள். சரியாக 500 யூனிட் என்றால் 1,805 ரூபாய். 501 யூனிட் என்றால் 2,048. ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய்! எங்கள் வீட்டில் சிக்கனமெல்லாம் செய்து முடித்து வந்த முதல் பில் 508 யூனிட், 2,107 ரூபாய் கட்டினேன். அந்த எட்டு யூனிட் இல்லாமல் இருந்திருந்தால் 302 ரூபாய் மிச்சம். எட்டு யூனிட் என்பது எங்கள் மோட்டார் நாலு மணி நேரம் ஓடுவது, அவ்வளவுதான். அன்றிலிருந்து வெள்ளை அட்டையில் கடைசி ரீடிங் தேதியைப் பார்த்து, காலண்டரில் பத்து நாளுக்கு ஒருமுறை மீட்டர் எண்ணைக் குறித்துவருகிறேன். 500ஐ 60 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு எட்டேகால் யூனிட், அந்த எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். நாளைக்குக் கட்டணம் மாறினாலும் ரூபாயை மாற்றிப் போட்டு இதே கணக்கைச் செய்யலாம்.

இரண்டாம் படி: மீட்டரின் சிவப்பு விளக்கை எண்ணுங்கள்

இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை, ஆனால் நான் செய்ததிலேயே அதிகம் பலன் தந்த வேலை இதுதான். எலக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும். அதன் பக்கத்தில் 3200 அல்லது 1600 என்று ஓர் எண் அச்சாகியிருக்கும், அத்தனை முறை மின்னினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணுங்கள். 3200 மீட்டராக இருந்தால் அதை 18.75 ஆல் பெருக்குங்கள், 1600 என்றால் 37.5 ஆல். அந்த நேரத்தில் வீடு எத்தனை வாட் இழுக்கிறது என்று தெரிந்துவிடும்.

ராத்திரி ஒன்பது மணிக்கு ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு டார்ச்சோடு போய் நின்றேன். விளக்கு மின்னவே கூடாது. மின்னியது, நிமிடத்துக்கு நாலு முறை. நாலு முறை என்றால் 75 வாட். இருபத்துநாலு மணி நேரமும் 75 வாட் என்றால் 60 நாளில் 108 யூனிட். அரசாங்கம் கொடுக்கிற 100 இலவச யூனிட்டும் யாருக்கும் பயன்படாமல் அப்படியே போய்க்கொண்டிருந்திருக்கிறது. பிள்ளைகளை உள்ளே நிற்கவைத்து ஒவ்வொரு ஸ்விட்சாக அணைக்கச் சொன்னேன். ஹாலில் இருந்த பழைய இன்வெர்ட்டரின் பிளக்கைப் பிடுங்கியதும் நாலு என்பது ஒன்று ஆனது. எட்டு வருடப் பேட்டரி, சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும், ஆனால் நிரம்பவே நிரம்பாது, தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருந்தது. பேட்டரியை மாற்றினோம். மிச்சமிருந்த ஒன்று செட்டாப் பாக்ஸும் வைஃபை பெட்டியும். செட்டாப் பாக்ஸை இப்போது ரிமோட்டில் அணைப்பதில்லை, சுவர் ஸ்விட்சில் அணைக்கிறோம்.

எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் மின்னினால் ஒயரிங்கில் எங்கோ எர்த் கசிவு இருக்கலாம். அது பில் விஷயம் மட்டும் இல்லை, உயிர் விஷயம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் படி: மோட்டார், ஃபேன், வெந்நீர்

நம்ம பக்கத்தில் மற்ற ஊர்களை விட மோட்டார் கணக்கு பெரிது. பாறை நிலம், போர் ஆழம், கோடையில் தண்ணீர் இறங்கிவிடும். எங்கள் 2 ஹெச்பி சப்மெர்சிபிள் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2 யூனிட் எடுக்கிறது. தை மாதத்தில் 40 நிமிடத்தில் நிரம்பும் டேங்க், சித்திரையில் ஒன்றரை மணி நேரம் ஆகும், தண்ணீர் அதே தண்ணீர்தான். டேங்க் வழிந்து தெருவில் ஓடுவது தினம் இருபது நிமிடம் என்றால் அதுவே பில்லுக்கு 40 யூனிட், ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச் வைத்தால் நின்றுவிடும். இன்னொன்றும் கவனியுங்கள்: மோட்டார் போட்டதும் டேங்கில் தண்ணீர் விழ எத்தனை நொடி ஆகிறது? முன்பு உடனே விழுந்தது இப்போது இரண்டு மூன்று நிமிடம் ஆகிறதென்றால் கீழே இருக்கும் என்ஆர்வி வால்வு போயிருக்கலாம், அணைத்ததும் குழாயில் நிற்கவேண்டிய தண்ணீர் எல்லாம் போருக்கே இறங்கிவிடுகிறது. இதில் போகும் யூனிட் கொஞ்சம்தான், ஆனால் மோட்டாருக்குக் கெடுதல். அடுத்த முறை மோட்டாரை மேலே எடுக்கும்போது மறக்காமல் வால்வையும் மாற்றச் சொல்லுங்கள். ஒகேனக்கல் தண்ணீர் வருகிற நாளில் குடிக்கவும் சமைக்கவும் அதைப் பிடித்து வைத்துவிட்டால் அன்றைக்கு மோட்டார் நேரமும் குறையும், போர் தண்ணீரின் ஃப்ளோரைடு தொல்லையும் இல்லை.

ஃபேன்தான் யாரும் சந்தேகப்படாத ஆள். பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட். பிஎல்டிசி என்று வரும் குறைந்த கரண்ட் ஃபேன் 30 வாட் சுமார். நாலு ஃபேன் தினம் 15 மணி நேரம் ஓடினால் பழையதில் நாளைக்கு 4.5 யூனிட், புதியதில் 1.8. இரண்டு மாதத்துக்கு 162 யூனிட் வித்தியாசம். 780 யூனிட் பில்லில் மேலே இருக்கும் யூனிட்டெல்லாம் 9.45 ரூபாய் என்பதால் ஒரு பில்லுக்கு 1,500 ரூபாய் பக்கம் குறையும். நாலு ஃபேனுக்கு எனக்கு ஆன செலவு 11,200. இத்தனை சீக்கிரம் போட்ட காசை எடுக்கிற வேலை வீட்டில் வேறெதுவும் இல்லை, சோலாரும் இல்லை. ஒரேயடியாக முடியாவிட்டால் அதிக நேரம் ஓடுகிற ஒரு ஃபேனை மட்டும் முதலில் மாற்றுங்கள்.

கெய்சரில் 15 லிட்டர் தண்ணீரைச் சூடாக்க முக்கால் யூனிட்டுக்குள் ஆகும். நாலு பேருக்கு நாளைக்கு இரண்டரை யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். ஓசூர், தளி பக்கம் குளிர் அதிகம் என்பதால் அங்கே இது பெரிய செலவு. பின்பக்கம் விறகடுப்பும் தேங்காய் மட்டையும் இருக்கிற வீட்டில் வெந்நீருக்குக் கரண்ட் தேவையில்லை, அம்மா இன்னும் அதைத்தான் செய்கிறார். சோலார் வாட்டர் ஹீட்டர் நல்லதுதான், ஆனால் போர் தண்ணீரின் உப்பு உள்ளே படியும், வருடா வருடம் சுத்தம் செய்ய ஆள் இருந்தால் மட்டும் வையுங்கள்.

நான்காம் படி: சோலார் எத்தனை கிலோவாட்

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், யாரும் ஏமாற்றவில்லை என்றாலும். நம்ம வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் வருடச் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும், அதாவது ஒரு பில்லுக்கு 240 யூனிட். அடைமழையான ஐப்பசி, கார்த்திகையில் குறையும், மாசி பங்குனியில் கூடும். பகலில் நீங்கள் பயன்படுத்தாதது லைனுக்குப் போகும், ராத்திரி எடுப்பது லைனிலிருந்து வரும், இரண்டையும் கழித்து மிச்சத்துக்குப் பில். இதுதான் நெட் மீட்டரிங். அதனால் வாஷிங் மெஷினைப் பகலில்தான் ஓட்டவேண்டும் என்றெல்லாம் கிடையாது.

மானியம்: 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000தான் என்பதைக் கவனியுங்கள். எனக்கு வந்த கொட்டேஷன்கள் 1 கிலோவாட் 75,000, 2 கிலோவாட் 1,40,000, 3 கிலோவாட் 1,90,000. மானியம் போக 45,000, 80,000, 1,12,000.

இப்போது 800 யூனிட் வீட்டை எடுத்துக்கொள்வோம், பில் 4,770. 2 கிலோவாட் போட்டால் 480 யூனிட் கழிந்து 320 ஆகும், பில் 799. மிச்சம் 3,971, வருடத்துக்கு 23,800 சுமார், மூன்றரை வருடத்தில் முதல் வந்துவிடும். 3 கிலோவாட் போட்டால் 720 கழிந்து 80தான் மிஞ்சும், அது இலவச நூறுக்குள் என்பதால் யூனிட் கட்டணம் சுத்தமாகப் பூஜ்யம், ஆனால் அந்த மூன்றாவது கிலோவாட் கூடுதலாகத் தருவது பில்லுக்கு 799 மட்டும், அதற்கு நீங்கள் போடுவது 32,000, அது திரும்பி வர ஏறக்குறைய ஏழு வருடம். விலை கூடிய யூனிட்டை எல்லாம் முதல் இரண்டு கிலோவாட்டே வெட்டிவிடுகிறது, மூன்றாவது வெட்டுவது மலிவு யூனிட்டை.

350 யூனிட் வீட்டுக்கு வாருங்கள். பில் 940 ரூபாய்தான். 3 கிலோவாட் போட்டால் முதல் வர இருபது வருடம். இந்த வீட்டுக்கு 1 கிலோவாட்டே எட்டு வருடம் எடுக்கும். கையில் பணமும் மனதும் இருந்தால் போடலாம், ஆனால் கடன் வாங்கிப் போடவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 200 யூனிட்டுக்குள் இருக்கிற வீடு அந்தப் பணத்தைப் பெண்ணின் படிப்புக்கு வைத்துக்கொள்ளட்டும்.

எங்கள் வீடு சிக்கனத்துக்குப் பிறகு 480 பக்கம் நின்றது. மகன் வேலைக்குப் போக எலக்ட்ரிக் ஸ்கூட்டர் எடுத்தான், போச்சம்பள்ளியிலேயே ஸ்கூட்டர் தயாராகிறபோது நம்ம ஊரில் இனி வீட்டுக்கு ஒன்று வரத்தான் செய்யும். நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓட்டினால் ஒன்றரை யூனிட், பில்லுக்கு 90. அதையும் சேர்த்து 2 கிலோவாட் போட்டோம். அடுத்த ஐந்து வருடத்தில் வீட்டுக்கு என்ன வரப்போகிறது, ஏசியா, ஸ்கூட்டரா, கல்யாணமா என்று யோசித்து அளவை முடிவு செய்யுங்கள். மிஞ்சியதை விற்றுக் காசு பார்க்கலாம் என்ற பேச்சை நம்பி மட்டும் பெரிதாகப் போடாதீர்கள்.

ஐந்தாம் படி: நிழலைப் பாருங்கள், அதுவும் மார்கழியில்

1 கிலோவாட்டுக்கு 100 சதுர அடி, நிழல் படாத இடமாக வேண்டும். தெற்கு பார்த்து, 10 முதல் 15 டிகிரி சரிவு. தர்மபுரி இருப்பது 12 டிகிரி அட்சரேகையில், அதனால் சித்திரை இரண்டாம் வாரத்திலிருந்து ஆவணி தொடக்கம் வரை நடுப்பகல் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே போய்விடும், மார்கழியில் தெற்கே நன்றாகச் சாய்ந்துவிடும். வைகாசியில் பார்த்து "இங்கே நிழலே இல்லையே" என்று போட்ட இடத்தில் மார்கழியில் நிழல் விழும். 10 அடி உயரத் தண்ணீர் டேங்கின் நிழல் மார்கழி நடுப்பகலில் வடக்கே 7 அடி நீளும், சாயங்காலம் இன்னும் நீளம்.

காவேரிப்பட்டணத்தில் என் மாமா வீட்டில் இதுதான் நடந்தது. போட்டுக்கொடுத்தவர் வந்தது ஒரு மே மாத மத்தியானம், பக்கத்துத் தோட்டத்துத் தென்னை மரம் கண்ணில் படவே இல்லை. டிசம்பரில் மூன்று மணிக்கெல்லாம் ஓலை நிழல் ஒரு பேனல் மேல் கோடு கோடாக விழுந்தது. ஒரு பேனலில் விழுந்தாலும் வரிசையாக இணைத்த மற்றதையும் அது இழுத்துவிடும். ஸ்ட்ரக்சரைக் கழற்றி மேற்குப் பக்கமிருந்து கிழக்குக்கு மாற்ற மாமா தனியாகக் காசு கொடுத்தார். நீங்கள் செய்யவேண்டியது இது: ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு காலை 9, மதியம் 12, மாலை 3:30க்கு மாடியில் விழும் நிழலின் ஓரத்தைக் கோடு போடுங்கள். மார்கழியில் போட முடிந்தால் அதுவே போதும், வேறு மாதம் என்றால் தெற்கே இருக்கிற மரம், டேங்க், பக்கத்து வீட்டுச் சுவர் எல்லாவற்றுக்கும் கூடுதல் இடம் விடுங்கள். மாமரம் வளரும் என்பதையும் மறக்காதீர்கள்.

மாடியில் கேழ்வரகோ புளியோ காயவைக்கிற வீடு என்றால் ஸ்ட்ரக்சரை ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரத்துக்குத் தூக்கச் சொல்லுங்கள், செலவு கூடும், ஆனால் மாடி மிஞ்சும், பேனலுக்கு அடியில் காற்றும் ஓடும். சூடு ஏறினால் பேனல் உற்பத்தி குறையும் என்பதால் தரையோடு ஒட்டிப் போடுவது தப்பு. கம்பி துரு பிடிக்காத ஜிஐயாக இருக்கட்டும். தளத்தில் துளை போட்டால் அதே நாளில் கசிவு அடைப்பையும் போடச் சொல்லி, தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

எர்த் விஷயத்தில் நம்ம ஊருக்குத் தனிக் கவனம் தேவை. பாறையும் காய்ந்த மண்ணும் எர்த்தைச் சரியாக எடுக்காது. பேனலுக்கு, இன்வெர்ட்டருக்கு, இடிதாங்கிக்கு என மூன்று தனித்தனி எர்த் குழி, மீட்டர் வைத்து அளந்து 5 ஓமுக்குள் காட்டச் சொல்லுங்கள். ஒரு கம்பியை அடித்துவிட்டு "முடிஞ்சுதுங்க" என்று கிளம்பினால் விடாதீர்கள்.

ஆறாம் படி: காகித வேலை

முதலில் சர்வீஸ் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கிராமத்தில் பாதி வீடுகளில் இன்னும் தாத்தா பெயர்தான் இருக்கும். பெயர் மாற்றம் முடிக்காமல் விண்ணப்பித்தால் மானியம் வரும் வங்கிக் கணக்கில் சிக்கல் வரும். சாங்ஷன் லோடு, அதாவது உங்கள் இணைப்புக்கு மின்வாரியம் அனுமதித்த கிலோவாட், எவ்வளவு என்றும் பாருங்கள், சோலார் அளவை விடக் குறைவாக இருந்தால் அதைக் கூட்டும் வேலையும் சேரும்.

அப்புறம் பிஎம் சூர்ய கர் இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணையும் கைபேசி எண்ணையும் கொடுத்துப் பதிவு, பட்டியலில் இருக்கிற வென்டரைத் தேர்வு, பேனல் பொருத்துதல், நெட் மீட்டர், ஆய்வு, கடைசியில் வங்கி விவரம். மானியம் உங்கள் கணக்குக்கு நேராக வரும், வென்டர் கைக்குப் போகாது. அதனால் முழுத் தொகையையும் முதலில் நீங்கள்தான் புரட்டவேண்டும், 3 கிலோவாட் வரை அடமானம் இல்லாத வங்கிக் கடனும் இருக்கிறது. "இலவசமா போட்டுத் தரோம், ஓடிபி சொல்லுங்க" என்று வரும் அழைப்பை உடனே துண்டியுங்கள்.

மானியம் வேண்டுமென்றால் பேனல் டிசிஆர் வகையாக, அதாவது செல் உட்பட இந்தியாவில் தயாரானதாக இருக்கவேண்டும். மலிவாக இருக்கிறதே என்று வேறு வகையை ஏற்றுக்கொண்டால் மானியம் போய்விடும். ஒவ்வொரு பேனலின் வரிசை எண்ணையும் பொருத்துவதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வாரண்டியை எழுத்தில் வாங்குங்கள்: பேனல் உற்பத்திக்கு 25 வருடம், இன்வெர்ட்டருக்கு எத்தனை வருடம், ஐந்து வருடப் பராமரிப்புக்கு யார் வருவார், எந்த ஊரிலிருந்து வருவார்.

கரண்ட் போனால் என்ன ஆகும்

சாதாரண ஆன்கிரிட் சோலார், அதாவது பேட்டரி இல்லாமல் லைனோடு இணைத்தது, லைனில் கரண்ட் போனதும் நின்றுவிடும், மொட்டை வெயிலாக இருந்தாலும். இது பழுதில்லை. உங்கள் பேனலிலிருந்து கரண்ட் லைனுக்குப் போனால் கம்பத்தில் ஏறியிருக்கிற லைன்மேன் உயிர் போய்விடும், அதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். இதை முன்கூட்டியே யாரும் சொல்லாததால் போட்ட பிறகு வருத்தப்பட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். கட் அதிகமுள்ள ஊர் என்றால் இரண்டு ஃபேன், நாலு விளக்குக்கு வழக்கமான இன்வெர்ட்டர் பேட்டரியையே வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒரே வீட்டில் சேர்ந்து இருக்கலாம்.

போட்ட பிறகு

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வெயில் ஏறுவதற்கு முன் துடையுங்கள். கிரானைட் குவாரி, ஜல்லி கிரஷர் பக்கம் இருக்கிற வீடுகள் வாரம் ஒருமுறை. போர் தண்ணீரை ஊற்றிக் காயவிட்டால் கண்ணாடியில் வெள்ளையாக உப்பு படியும், அதைப் பிறகு எடுக்கவே முடியாது, ஆகவே மழைத் தண்ணீரோ ஒகேனக்கல் தண்ணீரோ எடுத்து மெத்தென்ற துணியால் துடையுங்கள். சோப்புத்தூள் வேண்டாம், மத்தியானக் கொதிப்பில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றவேண்டாம்.

ரீடிங் எடுக்கிற நாளில் புதிய மீட்டரில் உள்ளே வந்த யூனிட், வெளியே போன யூனிட் இரண்டையும் போட்டோ எடுத்து, பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்வெர்ட்டர் திரையில் தெரியும் அன்றைய உற்பத்தியையும் மாதக் கடைசியில் காலண்டரில் எழுதுங்கள். மாசி, பங்குனியில் நல்ல வெயில் இருந்தும் 2 கிலோவாட்டுக்கு நாளைக்கு 7 யூனிட்டுக்குக் கீழே காட்டினால் முதலில் தூசி, அடுத்து புதிதாக வளர்ந்த கிளை, அதுவும் இல்லையென்றால் ஒயர் இணைப்பு. மூன்றாவதற்கு மட்டும் வென்டரைக் கூப்பிடுங்கள், பேனல் பக்கத்து ஒயரில் நீங்கள் கை வைக்காதீர்கள், வெயில் இருக்கும்வரை அதில் கரண்ட் இருக்கும், அதற்கு மெயின் ஸ்விட்ச் அணைத்தாலும் பயனில்லை.